வெள்ளை உடுத்திய ஆண்டு

"நிழல்ல வாங்கடா! வெயில் உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது!" வெள்ளைக் குடையும் கையுமாக மாயெலின் முன்னே நடக்க, மெக்சிகோவிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் பின்னே ஓடினார்கள். பாவாடை, சட்டை, காலுறை, தலையைச் சுற்றிய துணி எல்லாமே வெள்ளை.

"நர்ஸா அக்கா நீங்க?" என்றான் ஒருவன்.

"ஆமா ராசா, கேள்வி கேக்குறவனுக்கு ஊசி போடுவேன்."

எங்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து நெஞ்சில் சுமந்து வந்த தெய்வங்களின் வீடுகளையும், எங்கள் மதான்சாஸ் நகரின் சுவர் ஓவியங்களையும், எங்களைப் போன்ற மேளக்காரர்களையும் இப்படி வருகிறவர்களுக்குக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. யாராவது கைப்பேசியைத் தூக்கினால் குடை முகத்துக்கு வந்துவிடும். "என்னைப் படம் எடுத்தா எங்கம்மா கோவிச்சுக்குவா." அம்மா என்றால் கடல்தாய் யெமாயா.

மகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தத் தாயிடம்தான் மாயெலின் வேண்டிக்கொண்டாள். மகள் பிழைத்தாள், இவள் தீட்சை வாங்கினாள். அப்புறம் ஓராண்டு வெள்ளைதான். படம் கூடாது, ஆட்டம் கூடாது. பெயரைச் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை, தீட்சைக்குப் புதியவள் என்று 'புதுப்பெண்' என்றுதான். இங்கே எழுத்தில் அவள் பெயரைச் சொன்னால் குற்றமில்லை என்று நானாக முடிவுசெய்துகொண்டேன். அடேயப்பா, அவள் ஆட்டம்! பார்த்துக்கொண்டே மேளத்தைத் தவறவிட்டு நான் வாங்கிய திட்டுகள் கொஞ்சமல்ல.

அன்று எங்கள் முற்றத்தில் அந்தப் பிள்ளைகளின் பேராசிரியை ஒரு குண்டைப் போட்டார். எங்கள் குழுவில் ஆடுகிறவர்களில் ஒருவரைத் தம் கல்லூரிக்குச் சொல்லிக்கொடுக்க அழைத்துப்போவாராம். இன்றே தேர்வு, நாளை கிளம்புகிறார்கள். மாயெலினின் வெள்ளை ஆண்டு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. இளவயதிலிருந்து அவள் ஏங்கிய வாய்ப்பு இது.

"ஒரே ஒரு பாட்டுக்கு ஆடேன், புதுப்பெண்ணே," என்று கிசுகிசுத்தேன். "அம்மா கொஞ்சம் கண்ணை மூடிக்க மாட்டாளா?"

"அன்னிக்கு அவ கண்ணை மூடியிருந்தா என் புள்ள இன்னிக்கு ஸ்கூலுக்குப் போயிருக்காதுண்ணே. போ, மேளத்தைப் பாரு."

எங்கள் குழுவின் இளையவள் தயாமி ஆடினாள். குறைசொல்ல முடியாத ஆட்டம். "இவளைவிட நல்லா ஆடறவங்க இருக்காங்களா?" என்று கேட்டார் பேராசிரியை. நாங்கள் அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைப் பாவாடையைப் பார்த்தோம்.

"இருந்தா இவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருப்பாளா, டீச்சர்?" என்றாள் மாயெலின். "இவளையே கூட்டிட்டுப் போங்க. சோறு மட்டும் நிறையப் போடணும், இப்பவே சொல்லிட்டேன்!"

முற்றமே சிரித்தது. தயாமி அழுதுகொண்டே சிரித்தாள். அந்த மகிழ்ச்சியில் மேளத்தை மறுபடி எடுத்தோம், முன்னைவிட வேகமாக. வெள்ளைப் பாவாடைக்குள் மாயெலினின் முழங்கால் துள்ளிற்று. இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.