முதலாம் பாடவேளை

நிஃப்லா டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன், பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் கணிதம் சித்தியடைவார்கள். அவர் வந்த மூன்றாம் வருடம் முப்பத்தொரு பேர். கருவாடு காய்ந்தால் எத்தனை வீதம் நிறை குறையும் என்றுதான் வீதக் கணக்கையே தொடங்குவார். மீன் காயவைக்கும் வாடியில் வளர்ந்த பிள்ளைகள், கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவார்கள்.

அவருக்கு வீடு வண்ணாத்திவில்லில். கணவருக்குக் கட்டாரில் வேலை. விடியுமுன் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, புத்தளத்தில் பஸ் மாறி, கற்பிட்டி வந்து சேர ஏழு நாற்பது ஆகிவிடும். அதற்கு முந்திய பஸ் கிடையாது. எங்கள் வரவுப் பதிவேட்டிலோ ஏழரைக்குச் சிவப்புக் கோடு விழுந்துவிடும்; அதற்குக் கீழே கையெழுத்திடுபவர் பிந்தியவர். கோடு போடுவது நான். பிரதி அதிபர் என்ற பெரிய பதவியில் எனக்கிருந்த ஒரே அதிகாரம் அந்தச் சிவப்புப் பேனைதான்.

கோட்டை எடுக்கச் சொல்லி டீச்சர் ஒருநாளும் கேட்கவில்லை. பிந்தியதை லீவில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். பதினோராம் தரத்துக்கு முதலாம் பாடவேளை கணிதம். அதை நேரசூசியில் மூன்றாவதாக மாற்றித் தரும்படி மட்டும் கேட்டார். தான் வரும்வரை பிள்ளைகள் சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

அதிபர் ஜவ்பர் சேர் கெட்ட மனிதரல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"ஒருத்தருக்குச் செஞ்சு குடுத்தா மத்தவங்களும் வந்து நிப்பாங்க, பாறூக் சேர்," என்பார் என்னிடம்.

யார் வந்து நிற்பார்கள்? இருபத்திரண்டு ஆசிரியர்களில் தூரத்திலிருந்து வருபவர் இவர் ஒருவர்தான். இதை நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் அதிபர் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய்வந்தார். 'ஆசிரியர்களை வலுவூட்டுவோம்' என்று பதாகை அடித்து அலுவலகச் சுவரில் தொங்கவிட்டார். ஆசிரியர் தினத்தன்று அதைப் பற்றியே இருபது நிமிடம் பேசி, நிஃப்லா டீச்சருக்குக் கேடயமும் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வெட்கமில்லாமல் கைதட்டினோம். மறுநாள் காலை டீச்சரின் பெயர் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது.

இந்த ஜனவரியில் டீச்சர் இடமாற்றப் படிவத்தை அதிபரின் மேசையில் வைத்தார். நானும் அங்கே இருந்தேன்.

ஜவ்பர் சேர் உண்மையாகவே திகைத்துப்போனார். "போறண்டு முன்னுக்கே சொல்லியிருந்தா நேரசூசிய மாத்தித் தந்திருப்பனே, டீச்சர்."

"ரெண்டு வருசமா அதத்தானே சேர் கேட்டேன்."

எனக்கு அன்றுதான் வாய் திறந்தது. "இப்ப மாத்தித் தந்தா நிப்பீங்களா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க இத ஒருதரமாவது அவருக்கிட்டச் சொன்னீங்களா, சேர்?"

அதிபர் கையெழுத்திட்டார்.

புதிய ஆசிரியர் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். தூரத்திலிருந்து வருபவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று, கணிதத்தை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றும்படி அதிபரே சொன்னார். மாற்றி எழுத எனக்குப் பத்து நிமிடம் கூடப் போகவில்லை.

நோன்பு விடுமுறையும் முடிந்துவிட்டது. இன்னும் யாரும் வரவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இப்போது மூன்றாம் பாடவேளையில் சும்மா இருக்கிறார்கள்.