பல்டாக்டர் பார்க்க வந்த ஸ்கூட்டர்

என் மருமகனுக்குத் தெரியாத சங்கதி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தனக்கு ஒன்றும் தெரியாது என்பது. மற்றபடி எல்லாம் அவருக்கு அத்துப்படி. தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னால் கடை வாசலிலேயே நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பழைய அச்சு, இப்பல்லாம் வர்றதில்ல" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வருவார். தெருவில் அவருக்கு ஆராய்ச்சி என்று பெயர்.

பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேலை என்று நம்பித்தான் என் மகளைக் கொடுத்தேன். அங்கே புதிதாக ஒரு மெஷின் வந்து இறங்கியது. மேனேஜர் ஒரு நாட்டுப் பெயரைச் சொல்லி, அங்கிருந்து வந்தது என்றார். இவர் இல்லை என்றார். மேனேஜர் கூட்டிப்போய் மெஷினில் அடித்திருந்த தகட்டைக் காட்டினார். "அந்தத் தகடே போலி சார்" என்றார் இவர். அதோடு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து, தான் ராஜினாமா செய்துவிட்டதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் மகளின் தையல் மெஷின்தான் வீட்டை ஓட்டியது. இவர் ஃபேன், மிக்சி என்று எதையாவது பிரித்துச் சரிசெய்து கொடுப்பார். அதில் வருவதைக் கொண்டுபோய்ப் பழைய சாமான்களில் போடுவார். ஒருமுறை ஒரு ரேடியோப் பெட்டி வந்தது. உலகத்திலேயே இரண்டு மூன்றுதான் மிச்சம் என்றார். அடுத்த தெரு முடிதிருத்துபவர் வீட்டுக் கொல்லையில் அதே பெட்டிக்குள் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இன்னொருமுறை ஒரு கடிகாரம். சாய்த்து மாட்டினால்தான் ஓடும். நேராக மாட்டினால் நின்றுவிடும். "கப்பல்ல இருந்த கடிகாரம் அத்தை, அலைக்குத் தகுந்த மாதிரி செஞ்சிருக்கான்" என்றார். கெட்டுப்போன கடிகாரத்துக்குக் கூட ஒரு கடலைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள்.

வீடு என் பேரில் இருக்கிறது. அதனால் இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளை என்ற மரியாதை குறையாமல்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மரக்கடை டெம்போ வாசலில் வந்து நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் இவர், பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு துருக்குவியல். மரக்கடைக் கொட்டகையின் மூலையில் கிடந்ததாம். அங்கே காவல் இருப்பவர் அதன் கைப்பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டி வைப்பாராம். பார்த்தால் ஸ்கூட்டருக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. கால் வைக்கப் பலகை இல்லை. சீட்டு இருந்த இடத்தில் ஸ்பிரிங் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் இரண்டும் நம் இடுப்புத் தடிமன்.

"அத்தை, இது என்னன்னு தெரியுதா?"

"இரும்பு."

"சாதாரண இரும்பு இல்ல அத்தை. ரோடே இல்லாத எடத்துல போறதுக்குன்னு செஞ்ச ஸ்கூட்டர். காடு, மேடு, சேறு, எதுலயும் ஏறும். இங்க பாருங்க, மத்த வண்டில பின்சக்கரத்துக்குத்தான் செயின் போகும். இதுல முன்சக்கரத்துக்கும் போகுது. இது ஒண்ணு போதும் கண்டுபிடிக்க."

"வாசல் வரைக்கும் ரோடு போட்டு வெச்சிருக்காங்களே மாப்பிள்ளை. நமக்கு எதுக்கு இது?"

அந்த மாதிரிக் கேள்விகள் அவர் காதில் ஏறாது. துருக்குவியலைக் கூடத்துக்குள் உருட்டினார்கள். டிவி சமையலறைக்குப் போனது.

என் மகள் கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்று பார்த்தாள். அவளுக்குப் பொறுமை அதிகம், அவளுடைய அப்பாவைப் போல. அன்றைக்கு அது தீர்ந்துவிட்டது.

"ஏங்க, நெசமாவே இது நீங்க சொல்ற வண்டின்னா இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வண்டியப் பத்தித் தெரிஞ்சவங்க வந்து பாத்துச் சொல்லணும். நீங்க சொன்னா பத்தாது. அவங்க இல்லன்னு சொன்னா அன்னைக்கே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டு, அண்ணன் கடையில போய் உக்காரணும். சரியா?"

என் மகன் ஆணி, பைப்பு, பூட்டு விற்கிற கடை வைத்திருக்கிறான். இவரைக் கண்டால் "வாங்க விஞ்ஞானி" என்பான். அவனுடைய கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆணி நிறுத்துப் போடுவதற்குப் பதில் இவர் அந்தத் துருவையே தின்றுவிடுவார். இருந்தாலும் "சரி" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது, தெரிந்த ஆள் ஒருத்தர் தன்னைப் பார்த்து "நீங்க சொன்னது சரி" என்று சொல்லிவிட வேண்டும். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது எனக்கே தெரியும்.

பிறகு கூடத்தில் யாரும் கால் வைக்க முடியவில்லை. சோறு வடிக்கிற பாத்திரத்தில் மண்ணெண்ணெய், அதற்குள் செயின் ஊறியது. மாவு சல்லடையில் நட்டும் போல்ட்டும். என் டம்ளரில் கார்புரேட்டர் சாமான். ஒருநாள் தெரியாமல் அதில் வாய் வைத்துவிட்டேன். நாள் முழுக்க என் பேச்சில் பெட்ரோல் வாசம் வந்ததாக மகள் சொன்னாள். வழக்கமாகவே அப்படித்தான் என்று இவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

இஞ்சின் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி ஒருவழியாக அசைய வைத்தார். பொய் சொல்லக் கூடாது, கை மோசமில்லை. வாய்தான் கையைக் கெடுக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லாதபோது செய்கிற வேலை சுத்தமாக இருக்கும். யாராவது வந்து நின்றால் போதும், விளக்கம் சொல்ல ஆரம்பித்து, மாட்ட வேண்டிய திருகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

சக்கரத்தைத் தேய்த்தபோது இரண்டிலும் ஆளுக்கொரு ஓட்டை தெரிந்தது. அச்சில் வைத்து வெட்டின மாதிரி வட்டமாக இருந்தது. ஒரு விரல் போகும்.

"துரு தின்னிருக்கு" என்றார்.

"துரு எங்க மாப்பிள்ளை இவ்வளவு வட்டமா திங்குது? அதுவும் ரெண்டு சக்கரத்துலயும் ஒரே எடத்துல?"

"துரு எப்படித் திங்கும்னு உங்களுக்குத் தெரியாது அத்தை."

வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டையும் அடைத்துக்கொண்டு வந்தார். மேலே பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அது போதாதென்று மறுபடியும் பட்டி, மறுபடியும் தேய்ப்பு. கன்னத்தில் மாவு பூசிக்கொள்கிற நாடகக்காரன் கூட இவ்வளவு பூச மாட்டான். கடைசியில் பச்சை பெயிண்ட் அடித்தார். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படிப் பளபளத்தது. தெருவில் வைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அந்த வண்டிக்கு உதை கிடையாது, ஜெனரேட்டர் மாதிரி கயிறுதான். கிளம்பியது. எழுந்த புகையில் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் தன் பெட்டியில் துணி கருகுகிறதோ என்று ஓடினார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம். பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாட ஒரு சங்கம். அதன் தலைவர் பல்டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்தார். மாப்பிள்ளை புதுச்சட்டை போட்டிருந்தார். மகள் தைத்தது. பழைய இரும்புக்காரரின் போன் நம்பரையும் அவள் எடுத்து வைத்திருந்தாள்.

டாக்டர் பையைத் திறந்து சின்ன டார்ச்சையும் நீளக்காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியையும் எடுத்தார். நோயாளி வாயில் விடுவாரே, அதேதான். வண்டிக்குக் கீழே குனிந்து மேல்வரிசை கீழ்வரிசை என்று பார்த்தார். "ஆ காட்டு" என்று சொல்லாததுதான் பாக்கி. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். டாக்டர் எதையும் காதில் வாங்கவில்லை. பல்டாக்டருக்கு அது பழக்கம்.

"வேலை நல்லா செஞ்சிருக்கீங்க" என்று எழுந்தார். "வீல்ல மூடி எங்க?"

"என்ன மூடி டாக்டர்?"

"அசல் வண்டில ரெண்டு வீலும் உள்ள காலியா இருக்கும், ட்ரம் மாதிரி. காட்டுக்குள்ள பெட்ரோலுக்கு எங்க போறது? அதனால ஒண்ணுல பெட்ரோலும் ஒண்ணுல தண்ணியும் ஊத்திக்குவாங்க. ஊத்த ஓட்டை இருக்கும், அதுக்கு மூடி இருக்கும். இதைப் பாத்து பட்டறைகள்ல நெறைய நகல் அடிச்சாங்க. முன்செயின் கூட அப்படியே போட்டாங்க. வீல் மட்டும் வராது. உள்ள சிமெண்ட போட்டு மேல தகட்டை மூடிடுவாங்க. ஓட்டையே இருக்காது. இதுல இல்லையே."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

"இருந்துச்சு டாக்டர். நான்தான் அடைச்சேன்."

"எதுக்கு?"

"துருன்னு நெனைச்சேன்."

டாக்டர் சிரித்தார். "என்கிட்ட வர்றவங்க எல்லாருமே தெனம் ரெண்டு வேளை பல்லு தேய்க்கிறதாத்தான் சொல்றாங்க."

"ஓட்டை இருந்துச்சு சார்" என்றேன். "நான் கண்ணால பாத்தேன். கேட்டேன் கூட."

"நீங்க வீட்டு ஆளும்மா. அப்படித்தான் சொல்வீங்க."

இந்த மனிதருக்காக நான் பொய் சொல்வேன் என்று ஒருத்தர் நினைத்துவிட்டார். எனக்கு இப்படி ஒரு அவமானம் இதுவரை நடந்ததில்லை.

டாக்டர் சக்கரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். இவர் பூசியிருந்த பட்டியின் தடிமனுக்கு என்ன சத்தம் வரும்? தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது. "ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பாத்துடலாம். ஊசி போற அளவு போதும். உள்ள காலியா, சிமெண்டான்னு தெரிஞ்சிடும்" என்றார். சொல்லும்போதே அவர் கை பரபரத்தது. ஓட்டை போடுவதுதானே அவருக்குத் தொழில்.

"இந்த பெயிண்ட்லயா?" என்றார் மாப்பிள்ளை. "முடியாது டாக்டர். அசல் வண்டி தண்ணில விழுந்தா என்ன ஆகும்?"

"மிதக்கும். வீல்ல இருக்கற காத்து தூக்கிடும். நகல்னா கல்லு மாதிரி முங்கும். ஏன் கேக்கறீங்க?"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் செங்கல்லுக்கு மண் தோண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு கொல்லை வழியாகப் போனார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மகள் பின்னாலேயே ஓடினாள்.

"ஏங்க, வேணாங்க. டாக்டர் ஊசி அளவு ஓட்டைதான கேக்கறாரு. போட்டுட்டுப் போகட்டும். நான் இரும்புக்காரரக் கூப்பிடல. நில்லுங்க."

ஊசி முனை அளவுப் பெயிண்ட்டைக் காப்பாற்ற முழு வண்டியையும் சாக்கடை மாதிரிக் கிடக்கிற தண்ணீரில் தள்ளுகிற மூளை இந்தப் பூமியில் இவருக்கு மட்டும்தான் இருக்க முடியும். தள்ளினார். சரிவில் உருண்டு உள்ளே போனது. கைப்பிடி மறைந்தது. பச்சை மறைந்தது. பழுப்புத் தண்ணீர் மூடிக்கொண்டு குமிழி விட்டது. மாப்பிள்ளை வெறுங்கையோடு கரையில் நின்றார். என் மகன் கடை ஸ்டூல் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு தண்ணீர் புரண்டது. முதலில் ஒரு சக்கரம், அப்புறம் இன்னொன்று. எருமை ஒருக்களித்துப் படுத்த மாதிரி வண்டி மேலே வந்து மிதந்தது.

டாக்டர் பூட்ஸோடு, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அசல்தாங்க" என்றார். "நீங்க சொன்னது சரி. ஓட்டைய அடைச்சதும் நல்லதாப் போச்சு. மூடி தொலைஞ்ச வீல், அப்படியே விட்டிருந்தா தண்ணி ஏறி முங்கியிருக்கும்."

செய்த முட்டாள்தனமே கைகொடுத்த மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "இவளப் பாத்துச் சொல்லுங்க." டாக்டர் மகளைப் பார்த்துச் சொன்னார். "அத்தையப் பாத்தும் சொல்லுங்க." என்னைப் பார்த்தும் சொன்னார். நான் துணி காயப்போட வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

வண்டி ஜெயித்தது, இஞ்சின் செத்தது. உள்ளே சேறு. பட்டி ஊறிப் பச்சை பெயிண்ட் வெங்காயத் தோல் மாதிரி உரிந்துவிட்டது. மறுபடியும் கூடம், மறுபடியும் மண்ணெண்ணெய். முன்னால் ஒரு பைத்தியம் இருந்தது, இப்போது இரண்டு. டாக்டர் தினமும் வந்துவிடுகிறார். மூடிக்குத் திருகு கடைய வேண்டும் என்று இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். வாக்குக் கொடுத்தபடி என் மகள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரண்டு டம்ளரில் டீ வைத்துவிட்டுத் தைக்கப் போய்விடுகிறாள்.

பல்வலிக்காரர்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரைக் காணாமல் விசாரித்துக்கொண்டு இங்கேயே வர ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று ஒருத்தர் கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கை கழுவப் போயிருந்தார். மாப்பிள்ளை அந்த ஆளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த வண்டியில் எந்தச் சக்கரத்துக்குச் செயின் போகும் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாவம், எதற்கும் மறுத்துப் பேச முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.