அலமேலு அக்கா சுமந்த மண்

ஏரி வண்டல் காய்கையில் ஒரு வாசனை எழும். பாசியும் நத்தையும் சேறும் கலந்து, மூக்கைச் சுளிக்க வைத்துவிட்டு மறுபடியும் மோந்து பார்க்கச் சொல்லும் வாசனை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எங்கள் 'மேட்டுக் கொல்லை'யில் பத்து சென்ட்டைக் குத்தகைக்கு எடுத்து மிளகாயும் கத்தரியும் வைத்திருந்த அலமேலு அக்காவின் மேல் எப்போதும் அந்த வாசனைதான். வெறும் சரளையாகக் கிடந்த செம்மண்ணில் மூன்று கோடை ஏரி வண்டலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டி, புங்கந்தழையை மிதித்து, பாதையில் கிடக்கும் சாணியைக்கூட விடாமல் பொறுக்கிப் போட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பாக்கியிருந்தார். மூட்டை உரத்தைத் தொடமாட்டார். "அது சாராயம் மாதிரி நைனா. இன்னிக்கு ஆட வெக்கும், நாளிக்கு வுழ வெக்கும்" என்பார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கொல்லையில் நிற்கிற ஆம்பளைகளையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறதென்று ஊரே கிலியில் கிடந்தது. ஆறாம் வகுப்பு படித்த நானும் என்னை ஒரு முக்கியமான ஆம்பளையாகக் கருதி, மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பயந்தேன்.

அன்று எங்கள் கிணற்றில் அக்காவின் தண்ணீர் முறை. அப்பா ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொள்ள, "பாத்தி ரொம்பனதும் மடைய மாத்திக்கினே இரு நைனா, தோ வந்துட்றேன்" என்று என் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு அக்கா கூடையோடு ஏரிக்குப் போனார். இரண்டு பாத்தி பாய்ந்திருக்கும். வண்டிப்பாதையில் புழுதி கிளம்பியது. ஒரு வேனும், அதற்குள் ஒரு காக்கிச் சட்டையும் தெரிந்தன. "போலீசு வந்துகினுக்கிறான்" என்று நான் போட்ட கூச்சலில் அப்பா இன்ஜினை அப்படியே விட்டுவிட்டுக் கரும்புக்குள் பாய்ந்தார். எனக்குக் கரும்புவரை போகப் பொறுமையில்லை, எருக்குழிக்குள் இறங்கிவிட்டேன்.

வந்தது கல்யாண வேன். சாலை அடைபட்டதால் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். காக்கி, டிரைவருடையது. "தம்பி, ரிஷிவந்தியத்துக்கு எப்டிப் போறது?" என்று மாப்பிள்ளையே இறங்கிவந்து கேட்டார். குழிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி வழி காட்டினேன். வேன் போன பிறகும், பின்னாலேயே நிஜப் போலீஸ் வருமென்று நாங்கள் வெகுநேரம் வெளியே வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மாற்றாத மடையில் தண்ணீர் கட்டி, வரப்பை உடைத்து, நாற்றையும் மூன்று கோடையின் கறுப்பையும் வாரிக்கொண்டு சரிவில் இறங்கி, நாங்கள் பயிர் வைக்கும் 'கீழ்க்கொல்லை'யில் போய்ப் படிந்தது.

அக்கா தலையில் கூடையோடு வந்து நின்றார். இறக்கிவைக்கத் தோன்றவில்லை அவருக்கு. பிறகு அப்பாவிடம் கெஞ்சாமல் சொன்னார்.

"அண்ணே, என் மண்ண நான் அள்ளிக்கிறேன்."

"எது உன்து, எது என்துன்னு எப்டிம்மா பிரிப்ப?" என்றார் அப்பா.

சிவப்பின்மேல் கறுப்பு, கண்ணிருந்தால் போதும் பிரித்துவிடலாம். அக்கா என்னைப் பார்த்தார். உடம்பெல்லாம் எருவோடு நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. போலீசுக்கு ஒளிந்ததாவது சிரிப்போடு போயிற்று. அந்த வருஷமே அக்கா குத்தகையை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு போனார், திரும்பவில்லை.

இன்று அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. வண்டல் எடுக்க ஏரிக்குக் கூடையோடு யாரும் போவதில்லை. நான் சொட்டு நீர்க் குழாய் போட்டு, மருந்தடிக்காத காய்கறி வைக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் கீழ்க்கொல்லை மண்ணை அள்ளி உள்ளங்கையில் உதிர்த்து, "இன்னா போட்டு இப்டி ஆக்குனீங்க?" என்கிறார்கள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற நான், "வாங்க, மோர் குடிக்கலாம்" என்று முன்னால் நடந்துவிடுகிறேன்.