யூரியா போடாத வயல்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் சாக்கடைக் கால்வாயை நம்பி நெல் போட்டவர்களுக்கு ஒரே சட்டம்தான்: யூரியா பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஊர்க்கழிவு முழுக்க அந்தத் தண்ணீரில் வருகிறது. அதற்கு மேலும் உரம் போட்டால் பயிர் கொழுத்து, கதிர் முற்றும் முன்பே சாய்ந்துவிடும். ஈஸ்வரி இருபது வருஷமாக அப்படித்தான் பயிர் வைத்தாள். ஒரு தரம் புருஷன் வெங்கடேசன் ஆசைப்பட்டு அரை மூட்டை போட்டுவிட்டு, அந்தப் போகம் முழுக்க அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நிலம் அவர்களுடையதில்லை. குப்புராஜினுடைய நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். குடோன் கட்டக் கேட்டு ஆட்கள் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். இந்தப் போகம் ஒழுங்காக விளைந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஈஸ்வரிக்குப் பயமே இல்லை.

அந்த வருஷம் கால்வாய்க்கு மேலே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியிருந்தது. நாற்றம் போனது, நுரை போனது, இறங்கினால் கால் அரிக்கவில்லை. நல்ல காலம் பிறந்துவிட்டதென்று அவளுக்கு வாயெல்லாம் பல்.

நட்ட முப்பதாம் நாள் பயிர் வெளுத்தது. அடி இலையெல்லாம் மஞ்சள். நோய்தான் என்று அடித்துச் சொல்லி மருந்து தெளித்தாள். பத்து நாள் கழித்து மறுபடியும் தெளித்தாள். வெங்கடேசன் தயங்கித் தயங்கி, கொஞ்சம் யூரியா போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். ஒரு தரம் பட்டும் புத்தி வரவில்லையா என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டாள். பாவம், அந்த மனுஷன் மருந்து தெளிப்பானைக் கழுவப் போய்விட்டான்.

கதிர் வந்தபோது பாதிக்கு மேல் பதர். அப்போதுதான் நிலையத்து ஆய்வகத்தில் வேலை செய்யும் மெர்சி, சோதனைக்குக் கால்வாய்த் தண்ணீர் பிடிக்க வந்தாள். என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டாள். சாக்கடைத் தண்ணீர்தானே, எதற்கு உரம் என்றாள் ஈஸ்வரி.

மெர்சிக்கு முகம் வாடிவிட்டது. "அதுல இருந்த சத்த நாங்க எடுத்துட்றோம்க்கா. வண்டல காய வெச்சி உர மூட்டையா கட்டிக்கினு இருக்கோம். யாரும் உங்களாண்ட சொல்லலியா?"

யார் சொன்னார்கள்? கழிவு போனால் உரமும் போகும் என்று அவளுக்கும் தோன்றித் தொலைக்கவில்லையே. இனிமேல் எதைப் போட்டும் பயனில்லை.

களத்தில் கிடந்த சொற்ப நெல்லைப் பார்த்துவிட்டுக் குப்புராஜ் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த வாரமே குடோனுக்காக வயலில் மண் கொட்ட லாரி இறங்கியது. அன்று மதியம் சோறு போடும்போது ஈஸ்வரியால் அடக்க முடியவில்லை.

"உன் பேச்ச கேட்டிருந்தா நெலம் நின்னிருக்கும். நாந்தான் கெடுத்துட்டேன்யா."

"நான் மட்டும் தெரிஞ்சா கேட்டேன்? வாய்க்கு வந்தத கேட்டேன்" என்றான் வெங்கடேசன். "காலைல இருந்து நீ ஒண்ணும் துன்னல. ஒக்காரு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவன் தன் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.