கொலு ஹாலில் ஒரு குரல்

பக்கத்து வீட்டில் யாரோ மிக்சியைக் கருக்கிவிட்டார்கள். கம்பிச்சுருள் எரிந்த அந்த வாடை ஜன்னல் வழியே வந்ததுமே, தொண்ணூறுகளின் எங்கள் கரமனை அக்ரஹார வீட்டு ஹாலில் நின்றிருந்தேன்.

அக்கா காய்ச்சலில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. முந்தைய நவராத்திரியில் கொலு முன்னால் அவள் பாடியதை அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அவள் போனபின் அம்மா அந்த ஹாலுக்குள் காலே வைக்கவில்லை. சமையலறையே கதி என்று கிடந்தாள். அவளுக்கும் கேட்கட்டுமென்று, எங்கள் சின்ன ஆம்ப்ளிஃபயரில் அப்பா இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை மாட்டினார். ஸ்பீக்கர் பெரிதானால் சத்தமும் பெரிதாகும் என்று நம்பினார். மடத்தனம்தான், ஆனால் அதை நான் யாரிடமும் சிரித்துச் சொன்னதில்லை.

சத்தம் போதவில்லை. தினமும் சாயங்காலம் குமிழைக் கடைசிவரை திருகுவார். மேல் ஸ்தாயியில் அக்காவின் குரல் கரகரவென்று உடையும். ஒருநாள் கருகல் வாடை வந்தது. அதன்பின் அவள் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டது.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "வலிய ஆம்ப் ஆனா மெதுவா வச்சாலே போதும், சாமி. சின்னதை அலற விட்டதாலயாக்கும் மேல் ஸ்தாயி கேக்கிற டுவீட்டர் கரிஞ்சுபோச்சு."

அவர் போனதும் அம்மா ஹால் வாசல்வரை வந்தாள்.

"எனக்குக் கேக்கணும்னுதானா அத்தனை சத்தமா வச்சேள்?"

அப்பா தலையாட்டினார்.

"மெதுவா வச்சப்பவே சுவத்துல காதை வச்சுக் கேட்டுண்டுதானே இருந்தேன்."

கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா அதை மறுபடி போடவேயில்லை. இப்போது அது என் அலமாரியில் இருக்கிறது. தோதான ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி வருஷங்களாகின்றன.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். நானும் இன்னும் போடவில்லை.