பொத்தானில் மாட்டிய ரப்பர் வளையம்

மக்காசாருக்குத் தெற்கே காலெசோங் கடற்கரையில் ஜும்ரியாவைத் தெரியாதவர்கள் இல்லை. மீன் ஏலக் கூடத்துக் காசிமின் மூன்றாவது பெண். அவள் அப்பாவும் படகுக்கார லாவாவின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். லாவா அவளுக்குப் பெரியப்பா மகன். அவன் பெண்டாட்டி இந்தாங், தக்கலார் பக்கம் உப்பளக்காரர் வீட்டுப் பெண்.

யார் எந்த அலைவரிசையில் பேசலாம் என்று காற்றைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற அரசு அலுவலகத்தின் மக்காசார் கிளையில் ஜும்ரியாவுக்கு வேலை. கடைக்கு வருகிற வயர்லெஸ் பெட்டிகளைச் சோதித்து முத்திரை கொடுப்பது, செல்போன் கோபுரம் தன் எல்லையைத் தாண்டாமல் பார்ப்பது, திருட்டு அலையைத் தேடிப் பிடிப்பது. "காத்துக்கு வேலி போடற உத்தியோகமாம்," என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஆன்டெனா வண்டியில் ஏறி, இரைச்சலைக் காதில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் பாம்பு போனாலும் தெரியாது.

மேற்குக் காற்றுக் காலம். மழை பிடித்து மூன்று நாளாகியிருந்தது. பிற்பகல் மூன்றரைக்கு விமான நிலையத்துக் கோபுரத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், எங்க அலைவரிசையில ஒரு பொம்பளை ஓதிக்கிட்டே இருக்கா. நிறுத்தவே மாட்டேங்கிறா. நாங்க சொல்றது பைலட்டுக்கு விளங்கல. மாற்று வரிசையிலயும் அதே இரைச்சல்தான். மேலே ரெண்டு விமானம் சுத்துது. ஒண்ணு தேவைன்னா வேற ஊருக்குப் போயிடும். இன்னொண்ணுக்கு எரிபொருள் நாப்பது நிமிஷத்துக்குத்தான்."

வண்டி ஓட்டுகிற பாசோ அவளைவிடப் பத்து வயது பெரியவர். அவள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் நகர்த்திவிட்டார். முதல் இடத்தில் நின்று ஆன்டெனாவைத் திருப்பினாள். சத்தம் தெற்கே காட்டியது. வரைபடத்தில் ஒரு கோடு. ஆறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் விரலை வைத்தாள். அது காலெசோங்.

ஒலியைக் கூட்டினாள். மூச்சு வாங்க வாங்க குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதுகிற குரல். நடுவில் ஒரு இருமல்.

"பாசோ அண்ணே, இது எங்க இந்தாங் அண்ணி."

"நல்லாக் கேட்டியா தங்கச்சி?"

"என் கல்யாணத்துக்கு விடிய விடியப் பாடின தொண்டை அது. எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் பெருநாள் அன்றைய பேச்சு ஞாபகம் வந்தது. கறிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து லாவா பெருமை அடித்தான். "வீட்டுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு. கடைக்காரன் பெட்டியில ரெண்டு பொத்தான் வச்சுக் கொடுத்தான், தங்கச்சி. ரெண்டாவது, படகுக்காரங்க உதவி கேக்கறது. ஒரே சந்தைக் கூச்சல். முதலாவது இருக்கே, ஈ காக்கா கிடையாது. சுத்தமான இடம்!" அவளும் சிரித்துவிட்டு எலும்பைக் கடித்தாள். எந்த இடம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது விமானக்காரர்களின் இடம். அவர்கள் பேசுகிற முறை வேறு. இந்தப் பெட்டிக்கு அது பிடிபடாது. அதனால்தான் ஆள் இல்லாத வீடு மாதிரி தெரிந்திருக்கிறது.

லாவாவின் வீட்டு வாசலில் பாசோ பிரேக் போட்டபோது இருபத்திரண்டு நிமிஷம் மிச்சம்.

இந்தாங் தொழுகைத் துணியோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மைக்கின் பொத்தானில் ரப்பர் வளையம் சுற்றி, அமுங்கியபடியே கட்டி வைத்திருந்தாள். ஓதுவதை நிறுத்தாமல் கையை ஆட்டி, போ போ என்றாள். ஜும்ரியா மைக்கைப் பிடித்தாள். இந்தாங் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதே ஜும்ரி! உங்கண்ணன் இன்ஜின் நின்னு போச்சுன்னு சொன்னான். ஒரு மணி நேரம் ஆச்சு. கடல் கொந்தளிக்கறப்போ வீட்டுச் சத்தம் நிக்கக் கூடாது. என் குரல் அவன் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்."

"அண்ணி, மேலே விமானம் இறங்க முடியாம சுத்துது. நூத்தம்பது பேரு."

"நூத்தம்பது பேருக்குப் பேச ஆபீசு இருக்கு. எனக்கு இந்த ஒரு பெட்டிதான். பெரிய உத்தியோகக்காரி, உன் அண்ணனைக் கொன்னுட்டுப் போ!"

ஜும்ரியாவுக்குக் கோபம் பொங்கியது. பிடுங்கி எறிந்திருக்கலாம், சட்டம் அவள் பக்கம். ஆனால் கண் அந்த ரப்பர் வளையத்தில் போய் நின்றது.

"அண்ணி, இதைக் கட்டினதுக்கு அப்புறம் அண்ணன் குரல் கேட்டுச்சா?"

இந்தாங் மைக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்காது. பொத்தான் அமுங்கியிருக்கற வரைக்கும் பெட்டிக்கு வாய்தான், காது கிடையாது. அண்ணன் ஒரு மணி நேரமா உன்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கலாம்."

மணிக்கட்டில் பிடி தளர்ந்தது. இந்தாங்கே வளையத்தை உருவினாள். பெட்டி கரகரத்தது. பின்னாலேயே வந்திருந்த பாசோவும் பெட்டிப் பக்கம் குனிந்தார். ஒன்றும் இல்லை. பிறகு, இரைச்சலுக்கு அடியிலிருந்து:

"...அடியே, கொஞ்சம் வாயை மூடேன்! தானாக்கேக்கே தீவுக்கு மேற்கே கிடக்கேன். நங்கூரம் இழுக்குது. யாருக்காவது சொல்லு..."

இந்தாங் அழுதுகொண்டே மைக்கை எடுக்கப் போனாள். ஜும்ரியா தடுத்துவிட்டு, கோபுரத்துக்குப் போன் போட்டாள்.

"சத்தம் நின்னுருக்கும். ஆனா பத்து நொடி நான் உங்க வரிசையில பேசியாகணும். கடல்ல ஒரு படகு, இதே வரிசையில கூப்பிடுது. துறைமுக வரிசைக்கு மாத்தணும். எப்போன்னு சொல்லுங்க."

"நீங்களேவா, மேடம்?"

"நானேதான்."

எரிபொருள் குறைந்த விமானத்துக்கு வழி சொல்லி முடிக்கிற வரை காத்திருக்கச் சொன்னார்கள். அவ்வளவு நேரமும் லாவாவின் குரல் தேய்ந்து தேய்ந்து கூப்பிட்டது. இந்தாங் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "இப்போ," என்றது போன்.

"லாவா அண்ணே, ஜும்ரி பேசறேன். ரெண்டாம் பொத்தானை அமுத்து. துறைமுகம் அங்கேதான் கேக்கும். இதுல இனி பேசாதே."

இங்கும் இரண்டாம் பொத்தானை அமுக்கினாள். நாலைந்து குரல்கள் கலந்த கூச்சல். அதில் லாவாவின் குரல் இல்லை. பாசோ வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கழித்துத்தான், "தானாக்கேக்கே மேற்கே..." என்று அவன் தொடங்கினான், துறைமுகத்துக்காரன் உடனே பிடித்துக்கொண்டான்.

அந்தி மக்ரிப் தொழுகைக்கு முன்னால் லாவாவைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு விமானங்களும் இறங்கிவிட்டன. கடைக்காரன் மேல் தனியாக ஒரு கேஸ். ஜும்ரியா பெட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டி, முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். இந்தாங் அவளிடம் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அறிக்கையில் விதி மீறிப் பேசியவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர் எழுதினாள். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"உன் பேரையே எழுதியிருக்கியேம்மா?"

"பேசினது நான்தானே, சார்."

மூன்று மாதம் வண்டியில் ஏறக் கூடாது என்றார்கள். பெட்டி சோதிக்கிற அறையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாதம் லாவாவும் இந்தாங்கும் வந்து நின்றார்கள், கையில் வாழையிலையில் கட்டிய புராசாச் சோற்றுப் பொட்டலத்தோடு.

"அந்தச் சந்தையிலேயே எனக்கு ஒரு இடம் கொடு, தங்கச்சி," என்றான் லாவா.

"பொட்டலத்தை வெளியே வச்சுட்டு வா. ஆபீசுல வாங்கக் கூடாது," என்று ஜும்ரியா விண்ணப்பத்தை நீட்டினாள்.

"வெளியே வச்சா நாய் தின்னுடும்டி," என்றாள் இந்தாங். இரண்டு மாதத்தில் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

"அப்போ நீ வெளியே உக்காந்து காவல் இரு, அண்ணி. அஞ்சு மணிக்கு வந்துடறேன்."

இந்தாங் அஞ்சு மணி வரை உட்கார்ந்திருந்தாள்.