இரண்டு ஊசியும் ஓர் ஊர்ப் பெயரும்

கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் பன்னிரண்டு வருடம் மூட்டை தூக்கிய எனக்கு, மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. "இது நல்லொரு அவசரமாணு" என்றார் டாக்டர். எனக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் கவிதாதான், "சான்ஸுன்னு சொல்றாருப்பா" என்று முழங்கையைப் பிடித்தாள்.

எலும்பு மஜ்ஜையில் வந்த ரத்தப் புற்றுநோய். இரண்டு முறை அடங்கி, இரண்டு முறையும் திரும்பிவிட்டது. வழக்கமான மருந்து எதுவும் இனிக் கேட்காது. உடம்பின் எதிர்ப்பு அணுக்களையே நோயின்மேல் ஏவிவிடும் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கும் ஆய்வில் இடமிருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து அண்ணன் போனில் கத்தினான்: "மருந்து சோதிக்க நீ என்னலே எலியா? பேசாம ஊருக்கு வந்துரு." போயிருப்பேன். அவ்வளவு அலுத்திருந்தது.

சம்மதப் படிவம் மலையாளத்தில். எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். கவிதாவுக்கு மலையாள எழுத்துதான் ஓடும். சொல்லிக்கொண்டே வந்தவள் மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"என்ன போட்டிருக்கு?"

"காய்ச்சல் வரும். பேச்சு குழறலாம். மதி அப்பா, இவ்வளவு போதும்." போதும் என்பதற்கு அவளுக்கு மலையாள 'மதி'தான் முதலில் வரும்.

"மிச்சத்தையும் படி."

"ஆளே போகலாம்னு இருக்கு. சரியாகும்னு உறுதியும் இல்ல."

பேனாவைத் தராமல் கையிலேயே வைத்திருந்தாள். நானாகத்தான் வாங்கினேன். அவள் படிப்பு முடியும்வரை இருந்தால் போதும் என்று கையெழுத்திட்டேன்.

இரண்டாம் ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் கொதித்தது. மருந்து மூளையைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி கேள்வி கேட்பார்கள்: என்ன மாதம், எந்த இடம், ஒரு வரி எழுதுங்கள். நர்ஸ் குனிந்து, "சேட்டா, ஸ்தலம் ஏதா?" என்றாள்.

"சங்கரன்கோவில்."

அவள் முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அது என் சொந்த ஊர் என்று சொல்ல கவிதா பின்னாலேயே ஓடினாள். "சேச்சி, அது அப்பாடெ நாடா! அப்பாக்கு ஒண்ணும் இல்ல!"

நர்ஸ் திரும்பி வந்து மறுபடி கேட்டாள். "கொச்சி" என்றேன். சரி என்று குறித்துக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் நோய் வெகுவாகக் குறைந்தது. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. வாராவாரம் ஊசி இருப்பதால் ஊருக்குப் போக வழியில்லை.

வார்டில் அந்த ஒரு வரிக்காக நான் எழுதிக்கொடுத்த தாள்கள் கோப்பில் இருக்கின்றன. கையெழுத்து கோணுகிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். அங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. எல்லாத் தாளிலும் ஒரே வரி: 'நான் ஊருக்குப் போகணும்.' அதன் கீழே, நர்ஸின் கையால், மலையாளத்தில், நான் சொன்ன கொச்சி. பக்கத்தில் சரி என்ற குறி.